சோழமண்டலம் எப்படிக் 'கோரமண்டல்' ஆயிற்று?

நம் கிழக்குக் கடற்கரையை ஐரோப்பியர் அழைத்த பெயர்தான் கோரமண்டல். பெயர் இப்படி மாறியதற்கான விடை இரண்டு எழுத்துகளில் இருக்கிறது. முதலாவது நம் ழகரம். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு எழுத்து கிடையாது. அந்த நாக்குகளில் அது ரகரமாக இறங்கியது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் 'சோரமண்டல்' என்ற ஒலியோடுதான் எழுதினார்கள். சகரம் அப்போது பத்திரமாகவே இருந்தது. இரண்டாவது எழுத்து இந்தச் சகரம்தான். அவர்கள் அதற்கு இட்ட 'ch' என்ற கூட்டெழுத்தைப் பிற ஐரோப்பியர் ககரமாகப் படித்துவிட்டார்கள். சோழர் பெயர் தொலைந்தது அங்கேதான்!

பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள கரிமணல் என்ற ஊரிலிருந்து இப்பெயர் வந்தது என்றும் சிலர் சொல்வதுண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. சகர ஒலியோடு தொடங்கும் பழைய வடிவங்களுக்கு அதில் விளக்கமே இல்லை. தவிர, சோழர் ஆட்சியில் பழவேற்காடும் அடங்கிய தொண்டை மண்டலமே 'ஜெயங்கொண்ட சோழமண்டலம்' எனப்பட்டது. ஆகவே சோழமண்டலம் என்ற பெயர் காவிரிக் கரையோடு நின்றுவிடவில்லை.

இதே கடற்கரையை அரபு வணிகர் 'மஅபர்' என்றார்கள். கடந்துசெல்லும் இடம் என்று பொருள்.

பெயர் பிறகு கப்பலேறியது, சொல்லப்போனால் கப்பலுக்கே பெயரானது. 'கோரமண்டல்' என்ற பிரிட்டிஷ் கப்பல் 1820இல் மரம் ஏற்ற நியூசிலாந்து சென்றது. அங்குள்ள தீபகற்பம் இன்றும் அக்கப்பலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனாவில் செய்து இக்கரை வழியாக ஐரோப்பா போன அரக்குப் பூச்சுத் தட்டிகளுக்கும் இதே பெயர்தான்.

கொல்கத்தாவை அடுத்த ஷாலிமாரிலிருந்து சென்னை வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸின் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் ககரத்தைச் சகரமாகவே படிக்கிறேன்.