மாவுக்கட்டு பிரித்த கைக்கு வெந்நீர் ஒத்தடம்

கேள்வி: மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துப் பத்து நாளாகிறது. விரல்களை முழுமையாக மடக்க முடியவில்லை. தினமும் அரை மணி நேரம் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைக்கிறேன். அப்போது இதமாக இருந்தாலும் மாலையில் கை வீங்கிவிடுகிறது. ஆள்காட்டி விரல் நுனி சற்று மரத்தும் இருக்கிறது. இதைத் தொடரலாமா?

பதில்: மரத்துப்போன விரலைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் கவலை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கு உணர்ச்சி தரும் நரம்பு மணிக்கட்டின் வழியாகவே செல்வதால், அது அழுத்தப்படுகிறதா என்பதை எலும்பு மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் தெரியவரும். மருத்துவர் பார்க்கும்வரை ஒத்தடம் வேண்டாம்.

அவர் அனுமதித்த பின்பும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். வெப்பம் ரத்த நாளங்களை விரிக்கிறது. கையும் நெடுநேரம் கீழே தாழ்ந்திருப்பதால் நீர் கோத்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கையில் சுற்றி, தலையணைமேல் நெஞ்சின் உயரத்துக்குக் கையை வைத்துக்கொண்டு 10 முதல் 15 நிமிடம் இருந்தால் போதும். சூட்டை அடிபடாத கையால் சோதித்து, ஐந்து நிமிடம் கழித்துத் துணியை விலக்கித் தோலைப் பாருங்கள்; இளஞ்சிவப்பு இயல்பு, திட்டுத்திட்டான அடர்சிவப்பு என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஒத்தடம் விறைப்பைத் தானாகப் போக்கிவிடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சூட்டில் இளகும் திசுக்கள் ஆறியதும் பழையபடி இறுகிவிடும் என்பதால், துணியை எடுத்த கையோடு பயிற்சியைத் தொடங்க வேண்டும். முதலில் விரல்களின் மேல் இரு மூட்டுகளை மட்டும் கொக்கிபோல் மடக்குங்கள், பிறகு முழுமையாக மூடுங்கள்; ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடி நிறுத்தி, பத்து முறை செய்யுங்கள். நடுவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் உள்ள இடைவெளியை வாரம் ஒருமுறை அளந்து குறித்துவைத்தால், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இதே நிலையிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாட்களிலும், தையல் ஆறாதபோதும், தோலுக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்போதும் சூடு கூடாது. தசைநாணைத் தைத்தவர்கள், பிசியோதெரபி நிபுணர் சொல்லாமல் விரலை மடக்கிப் பார்க்கவே கூடாது, தையல் அறுந்துவிடும்.