இரவில் சைக்கிள் ஓட்ட எந்த முன்விளக்கு வாங்கலாம்?

கேள்வி: வேலை முடிந்து தினமும் இரவு ஒன்பது மணிக்கு மேல் சைக்கிளில்தான் வீடு திரும்புகிறேன். மொத்தம் 12 கி.மீ. முதல் பாதி வழியில் தெருவிளக்கு உண்டு. அடுத்த பாதி கும்மிருட்டு. முன்விளக்கு தேடினால் ஒன்றில் வெளிச்சத்தின் அளவு 400 லூமென், இன்னொன்றில் 1,000, இரண்டையும்விட மலிவான வேறொன்றில் 8,000 என்று போட்டிருக்கிறது. அதிகம் செலவழிக்க முடியாது. எதை நம்பி வாங்குவது?

பதில்: முதலில் அந்த 8,000-ஐத் தள்ளி வையுங்கள். காரில் வரும் எச்7 ஹாலோஜன் பல்பு ஒன்றின் வெளிச்சமே சுமார் 1,500 லூமென்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு லைட் அதைப்போல ஐந்து மடங்கு தரும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடிக்கலாம், அச்சடிக்கக் காசு செலவில்லை. நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தவன்தான். முதல் பத்து நிமிடம் பளிச்சென்று எரிந்தது. அப்புறம் சூடேறி மங்கிப்போய், வீட்டுக்கு வரும்போது மெழுகுவர்த்தி அளவுக்கு வந்துவிட்டது.

பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். பேட்டரியின் அளவு பெட்டியில் இருக்கும், 2,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்பதுபோல, அதாவது 2 ஆம்பியர் மணி. லித்தியம் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தம் 3.6 அல்லது 3.7 வோல்ட். 2 ஆம்பியர் மணியை 3.6-ஆல் பெருக்கினால் 7.2 வாட் மணி. இந்த விலையில் வரும் எல்இடி லைட்டுகள், எல்லா இழப்பும் போக, ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமென் கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 500 லூமெனுக்கு 5 வாட். 7.2-ஐ 5-ஆல் வகுத்தால், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எரியும். அதே பேட்டரியை வைத்துக்கொண்டு ‘1,000 லூமென், 6 மணி நேரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய். பெரும்பாலும் இரண்டுமே.

பேட்டரி அளவிலேயே பொய் சொல்கிறவர்களும் உண்டு. 18650 என்ற உருளை பேட்டரியைப் பார்த்திருப்பீர்கள்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், அதனால்தான் அந்தப் பெயர். அதில் நல்ல தரமானதிலேயே பொதுவாக 3,500 எம்ஏஎச் வரைதான் கிடைக்கும். அந்த அளவுள்ள ஒற்றை பேட்டரியில் 9,900 என்று போட்டிருந்தால் அந்த லைட்டைத் தொடவே வேண்டாம். பேட்டரியில் பொய் சொல்கிறவர், அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வைத்திருப்பாரா என்பதும் சந்தேகம்தான். படுக்கைக்குப் பக்கத்தில் இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற பொருள் அல்ல அது.

சரி, எத்தனை லூமென் வேண்டும்? தெருவிளக்கு இருக்கும் பகுதியில் உங்களை மற்றவர்கள் பார்த்தால் போதும், 100 லூமெனே தாராளம். இருட்டுப் பகுதியில் பாதையை நீங்கள் பார்க்க வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் போகும்போது குழியைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டர் ஓடிவிடும். 30 கி.மீ. வேகமென்றால் 20 மீட்டரைத் தாண்டும். மழை பெய்திருந்தால் இன்னும் கூடும். அந்தத் தூரம் தெளிவாகத் தெரிய நேர்மையான 400 முதல் 600 லூமென் போதும். உங்கள் பயணம் 40 நிமிடம் என்று வைத்தால், ஒன்றரை மணி நேரம் எரிகிற லைட்டை இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டியிருக்கும்.

ஆனால் நான் லூமெனைவிட முதலில் பார்ப்பது வெளிச்சம் விழும் வடிவத்தை. மலிவு லைட்டுகளில் பாதிக்கு மேல் டார்ச் லைட்தான், ஹேண்டில்பாரில் கட்ட ஒரு பட்டை சேர்த்திருப்பார்கள். வட்டமாக அடிக்கும். அந்த வட்டத்தின் மேல் பாதி எதிரே வருபவரின் கண்ணிலும் மரக்கிளையிலும் வீணாகிறது. கீழ்ப் பாதி சக்கரத்துக்கு முன்னால் பளீரென்று விழுந்து, தூரத்தை இன்னும் இருட்டாக்கிவிடுகிறது. மோட்டார் சைக்கிள் விளக்குபோல மேல் விளிம்பு நேர்கோடாக வெட்டுப்பட்டு விழும் லைட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கு எஸ்டிவிஇசட்ஓ என்ற சட்டவிதி இருக்கிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசக் கூடாது, 10 மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்கிறது. அந்த விதிப்படி செய்த பேட்டரி லைட்டுகளில் மலிவானவையும் உண்டு. அவற்றில் லூமெனுக்குப் பதிலாக 30 லக்ஸ், 50 லக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இவ்வளவுதானா என்று ஒதுக்கிவிடாதீர்கள். லூமென் என்பது லைட்டிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம். லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழுவது. ஓட்டுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

வட்டமாக அடிக்கும் லைட்தான் கிடைத்தது என்றாலும் பரவாயில்லை, சரியாகச் சாய்த்துக் கட்டினால் ஓட்டிவிடலாம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், வெளிச்சத்தின் நடு சுவரில் 45 செ.மீ. உயரத்தில் விழட்டும். அப்போது சாலையில் 10 மீட்டரில் தரையைத் தொடும். வேகமாக ஓட்டுகிறவர் இதைச் சற்றே உயர்த்திக்கொள்ளலாம். லைட்டைச் சாய்க்காமல் நேரே நீட்டி வைத்துக்கொண்டு போகிறவர்கள் எதிரே வரும்போது எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது.

கட்டும் இடமும் முக்கியம். தலைக்கவசத்தில் மாட்டினால் வெளிச்சம் கண்ணருகிலிருந்தே கிளம்புவதால் குழியின் நிழல் கண்ணுக்குத் தெரியாது, சாலை தட்டையாகத் தோன்றும். ஹேண்டில்பாரில், முடிந்தால் இன்னும் தாழ்வாக முன்சக்கர ஃபோர்க்கின் தலைப்பகுதியில் மாட்டினால், சின்னப் பள்ளம்கூட நீள நிழல் விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். தண்ணீரைத் தாங்கும் தரக்குறியீடு ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் மழைத்தூறலைத் தாங்கும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் போவது அதுதான். சில மலிவு லைட்டுகளில் யூஎஸ்பி சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் சி வகையான கேபிளில் சார்ஜ் ஏறாது. கெட்டுவிட்டது என்று நினைக்காமல் ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பி உள்ள கேபிளைப் போட்டுப் பாருங்கள், ஏறிவிடும்.

விட்டு விட்டு மின்னும் வசதி பெரும்பாலான லைட்டுகளில் இருக்கும். பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அது பாதையைத் துண்டு துண்டாகக் காட்டும். எதிரே வருபவருக்கும் நீங்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று பிடிபடாது.

உங்கள் தேர்வில் அந்த 400 லூமென் லைட், பேட்டரி கணக்கு ஒத்துவந்தால், போதும். மிச்சமாகும் பணத்தில் பின்னால் மாட்ட ஒரு சிவப்பு விளக்கும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு பொடி லைட்டும் வாங்கிவிடுங்கள். சார்ஜ் போட மறந்துவிட்டது என்பது இருட்டுப் பாதிக்குள் நுழைந்த பிறகுதான் நினைவுக்கு வரும்.