பொட்டுவலி முதல் பாக்கு வரை: தாடை பற்றிய வாசகர் கேள்விகள்

காலையில் எழுந்ததும் இரண்டு பொட்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது. கண்ணைச் சோதித்தாயிற்று, கோளாறில்லை. பல் மருத்துவரைப் பாருங்கள் என்கிறார்கள். தலைவலிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, காரிமங்கலம்

விரல்களைப் பொட்டின்மேல் வைத்துக்கொண்டு கடைவாய்ப் பற்களை இறுக்கிக் கடியுங்கள். விரலுக்கடியில் புடைப்பதுதான் டெம்போராலிஸ் தசை. மண்டையோட்டின் பக்கவாட்டில் விசிறியாக விரிந்து, கீழே வரவரக் குறுகி, கன்ன எலும்பு வளைவுக்கு உட்புறமாக இறங்கிக் கீழ்த்தாடையின் முன்கொம்பைப் பிடித்துக்கொள்கிறது. விரலைத் தாடை மூலைக்கு இறக்கிக் கடித்தால் திரள்வது மேசிட்டர். உட்பக்கம் இருக்கும் இரண்டு டெரிகாய்டு தசைகளையும் சேர்த்தால் மெல்லும் தசைகள் பக்கத்துக்கு நான்கு. காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகளை விட்டுவிட்டால் மண்டையோட்டில் 22 எலும்புகள். அவற்றில் அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இந்தத் தசைகள் ஓய்வில்லாமல் களைத்து, விடியும்போது பொட்டில் வலிக்கும். கண்ணாடியில் பாருங்கள். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, முனை மழுங்கிய கடைவாய்ப் பற்கள் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். பகலில் அதைப் பழக்கிக்கொள்ளுங்கள். படுக்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 10–15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். இரவில் மாட்டும் பல் உறையை அளவெடுத்துச் செய்வதே மேல்; கடையில் விற்கும் மெத்தென்ற உறை சிலருக்குக் கடியைக் கூட்டிவிடுகிறது.

50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டுவலி வந்து, மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாயைப் பெரிதாகத் திறந்தால் காதருகே 'டக்'கென்று சத்தம். வலியில்லை. மாத்திரை வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம். தாடை முனைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே ஒரு வில்லை உண்டு. முன்னே நகர்ந்துவிட்ட அந்த வில்லை, வாய் திறக்கும்போது மறுபடி இடத்தில் உட்காரும் ஓசை அது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிந்தால் கவலை இல்லை. திடீரென்று சத்தம் நின்று, வாயும் பாதிதான் திறக்கிறதென்றால் வில்லை முன்னாலேயே மாட்டிக்கொண்டது. சத்தம் போயிற்று என்று மகிழ வேண்டாம்.

பாட்டி கொட்டாவி விட்டார், வாய் மூடவே இல்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?
– வாசகர், பாலக்கோடு

அறையாதீர்கள். வயதானவர்களுக்கு எலும்பு முறியும்.

வாயை அகலத் திறக்கும்போது தாடை முனை குழியை விட்டு முன்னே வழுக்கி, ஓர் எலும்பு மேட்டின் அடிக்கு வருகிறது. மேட்டையும் தாண்டிவிட்டால் மூடும் தசைகள் இறுகி அதை மேலே இழுக்கும். திரும்பி வர மேடு விடாது. அதனால்தான் வெறுமனே பின்னால் தள்ளினால் வருவதில்லை. மருத்துவர் கட்டைவிரல்களில் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களின்மேல் வைத்து, முதலில் கீழே அமுக்குவார், பிறகே பின்னே தள்ளுவார். முனை குழிக்குள் விழுந்ததும் வாய் படாரென்று மூடும், துணி அதற்காகத்தான். நேரம் ஆக ஆகத் தசை இறுகி, தளர்த்த ஊசி போடவேண்டி வரும். பொழுது விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். சரியான பிறகும் சில வாரங்களுக்குக் கொட்டாவி வரும்போதெல்லாம் முகவாய்க்கட்டைக்கு அடியில் கையை முட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. சுளுக்கெடுத்தும் பயனில்லை. புகையிலை கிடையாது, பாக்கு மட்டும்தான்.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பாக்கு மட்டுமே போதும். உங்களுக்குச் சுளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், கன்னத்தின் உட்தோலில் நார்த்திசுவைப் பெருக்கிவிடுகிறது. உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். விறைத்த பட்டைகள் தட்டுப்படும், நிறம் வெளுத்திருக்கும், குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கலானாலும் எரியும். எண்ணெய் போட்டு நீவினால் இந்த நார் இளகாது. இது புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை இன்றே விட்டுவிட்டு அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். வாய் திறக்கும் பயிற்சியும் தொடர் பரிசோதனையும் தேவைப்படும்.

ராகிக் களியை மெல்லாமல் விழுங்குகிறோம். தாடைக்கு வேலை இல்லாமல் போகாதா?
– வாசகி, பென்னாகரம்

கூட நிலக்கடலையோ பச்சை மாங்காயோ கடிக்கிறவருக்கு அந்தக் குறை இல்லை. குழம்பில் தோய்த்த சிறு உருண்டை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஆனால் பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு உருண்டையாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.