சென்ற மாதம் பார்த்த படங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

ஒரு மாதத்தில் ஒன்பது படம் பார்த்தேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்க ஒரு பழைய படம்?

பதில்: ‘காதலிக்க நேரமில்லை’ (1964). எத்தனையாவது தடவை என்ற கணக்கே போய்விட்டது. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். இந்த முறை ஒரு சோதனை செய்தேன்: நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். பேசுவதெல்லாம் நாகேஷ்தான், ஆனால் அந்தப் பயத்தை நிஜமாக்குவது பாலையாவின் கண்கள். கேட்கிறவர் இப்படி நடுங்காவிட்டால் சொல்கிறவரின் கதை அந்தரத்தில் நின்றிருக்கும். நீங்களும் ஒருமுறை அப்படிப் பாருங்கள்.

கேள்வி: மௌனப் படம் பார்க்க ஆசை. ஆனால் எல்லோரும் எறும்பு மாதிரி விறுவிறுவென்று ஓடுகிறார்களே?

பதில்: அந்தக் காலத்து கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு பிரேம் (தனித்தனிப் படம்) என்று எடுத்ததை பின்னாளில் இருபத்து நான்கு வேகத்தில் ஓட்டினால் ஓடத்தானே செய்வார்கள்? (சிரிப்புக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியதும் உண்டு.) சரியான வேகத்துக்குத் திருத்திய பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள்.

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனில் ஆரம்பியுங்கள். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகப் பெயர்ந்து அவர் மேல் விழும். மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கும். நிஜச் சுவர், நிஜ ஆள். கேமரா தள்ளி நின்று வீட்டையும் மனிதரையும் ஒன்றாகக் காட்டும். கிட்டப் போய் வெட்டி வெட்டிக் காட்டியிருந்தால் ஏதோ தந்திரம் என்று நினைத்திருப்போம். அவர் முகத்திலோ ஒரு சலனமும் இல்லை!

கேள்வி: ஆவணப்படம் என்றாலே எனக்குத் தூக்கம் வரும். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘ஃப்ரீ சோலோ’ (2018). அலெக்ஸ் ஹானல்ட் சுமார் 3,000 அடி உயர எல் கேப்பிடன் பாறையில் கயிறில்லாமல் ஏறுகிறார். 2017 ஜூன் 3-ஆம் தேதி, 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். முடிவு தெரிந்தும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. மனதில் நிற்பது ஏறுகிறவர்கூட இல்லை. கீழே கேமராவோடு நிற்கும் ஒருவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாருங்கள், இங்கேயும் பாலையாதான்.

கேள்வி: ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ பார்த்தீர்களா?

பதில்: பார்த்தேன். யானைக்குட்டிகளை வளர்க்கும் ஒரு தம்பதியைப் பற்றிய ஆவணப்படம்; நாற்பது நிமிடம்தான், 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. குட்டி யானை ரகுவை வேறொரு பராமரிப்பாளரிடம் கொடுக்கும் இடத்தில் தொண்டை அடைத்தது. இசை கொஞ்சம் அடங்கியிருக்கலாம் என்பது என் கட்சி.

கேள்வி: ஆவணப்படத்தில் வருவதெல்லாம் உள்ளபடியே எடுத்ததா?

பதில்: ஆரம்பத்திலிருந்தே இல்லை. ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் ‘நானூக் ஆஃப் தி நார்த்’ (1922), வட கனடாவின் பனிப்பிரதேசத்தில் வாழும் இன்யூட் மக்களைப் பற்றியது; அதில் பனிவீட்டுக்குள் ஒரு குடும்பம் தூங்கி எழும். உள்ளே கேமராவுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் போதாது. அதனால் ஒரு பக்கம் திறந்த பாதி வீட்டைக் கட்டினார்கள். துப்பாக்கி பழகியிருந்தவர்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார்கள். நாயகனின் பெயரே நானூக் இல்லை, அல்லகரியால்லக். பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் குளிரும் அந்த முகங்களும் நிஜம். கேமரா எங்கே நிற்கிறது, அங்கே அது எப்படிப் போனது என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்; அப்புறம் தூக்கம் வராது.

கேள்வி: ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தினீர்களாமே, எது?

பதில்: பெயர் வேண்டாம், புது நகைச்சுவைப் படம். ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். நாற்பதாவது நிமிடத்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் படத்தையும் அணைத்துவிட்டேன்.