கைட் போர்டிங்குக்கான (பெரிய கைட் இழுக்க, பலகையில் நின்று நீரில் ஓடுவது) கன்ட்ரோல் பாரை, அதாவது கைட்டைத் திருப்பக் கையில் பிடிக்கும் தண்டை, வீட்டிலேயே செய்ய முடியுமா? எதைச் செய்யலாம், எதை வாங்கித்தான் ஆக வேண்டும்?

முடியும், குயிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டின் இழுப்பிலிருந்து உங்களை விடுவிக்கும் பூட்டு) தவிர. குழாய், லைன், லீடர் (பார் முனையைப் பின்லைனோடு இணைக்கும் கயிறு), டிரிம் (முன்லைன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) எல்லாவற்றையும் பொறுமையும் ஒரு நல்ல லேத் பட்டறையும் இருந்தால் செய்துவிடலாம். ஆனால் சிக்கன் லூப்போடு (இடுப்பில் கட்டும் ஹார்னஸின் கொக்கியில் மாட்டும் வளையம்) சேர்ந்து வரும் குயிக் ரிலீஸை வாங்குங்கள். கைட் முழு இழுப்பில் இருக்கும்போது, மணலும் உப்பும் ஏறிய நிலையில், ஒரே கையால் ஒரே தள்ளலில் திறந்தாக வேண்டிய பொருள் அது. அதன் பாதுகாப்புத் தேவைகளுக்கும் சோதனை முறைகளுக்கும் என்றே ஐஎஸ்ஓ 21853 என்ற தரநிலை 2020-இல் வந்தது. படகுச் சாமான் கடையில் கிடைக்கும் ஸ்னாப் ஷாக்கிளோ, மலையேறுபவர்களின் கராபினரோ இதற்கு மாற்றாகாது. பார் உடைந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது, அவ்வளவுதான். ரிலீஸ் திறக்காவிட்டால் கைட் உங்களை எங்கே கொண்டுபோகும் என்பது உங்கள் கையில் இல்லை. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: சுழலியின் (லைன்களின் முறுக்கை அவிழ்க்கச் சுழலும் பாகம்) நடுவே சேஃப்டி லைன் (ரிலீஸ் திறந்த பின் கைட்டைப் பிடித்திருக்கும் லைன்) போக வழி இருக்க வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் 9 முதல் 12 சதுர மீட்டர் வரையிலான, முன்விளிம்பில் காற்றடைத்த, நான்கு லைன் (இரண்டு முன்லைன், இரண்டு பின்லைன்) கைட்டுக்கு.

முதலில் குழாய். நீளம் 50 செ.மீ. போதும். 8 சதுர மீட்டருக்குக் கீழே 45, 14-க்கு மேலே 55 என்று வைத்துக்கொள்ளலாம். பார் நீளமாக ஆக, ஒரே அளவு சாய்ப்புக்கு இரு பின்லைன்களின் நீள வித்தியாசம் கூடும். கைட் வேகமாகத் திரும்பும். சின்ன கைட்டுக்கு நீளமான பார் போட்டால் தொட்டதற்கெல்லாம் துள்ளும்.

பொருள் 6061-டி6 அலுமினியம், வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர் 3 மி.மீ. பலர் 2 மி.மீ. சுவரே போதும் என்பார்கள். வெறும் குழாயாக இருந்தால் போதும்தான். ஆனால் டிப்பவர் லைன் (இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் பார் மேலும் கீழும் ஓடும் லைன்) போக நடுவில் 12 மி.மீ. துளை போடுகிறோம். அந்தத் துளை விழுவது குழாயின் மேல்புறமும் கீழ்புறமும். அதாவது வளையும்போது தகைவு உச்சமாக இருக்கும் அதே இடத்தில். கணக்குப் போட்டால் 2 மி.மீ. சுவர்க் குழாய் அந்த ஒரு துளையால் வளைவைத் தாங்கும் திறனில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. அதனால் 3 மி.மீ. சுவர் எடுத்து, உள்ளே 19 மி.மீ. கெட்டி அலுமினியத் துண்டை 12 செ.மீ. நீளத்துக்கு எபாக்ஸி பூசி நடுவில் செருகி, நன்றாக இறுகிய பிறகு இரண்டையும் சேர்த்தே துளையிடுங்கள். தனித்தனியாகத் துளையிட்டுப் பொருத்தப் பார்த்தால் விளிம்புகள் ஒருபோதும் சேராது.

இப்படிச் செய்த பார் ஹார்னஸ் கொக்கியில் மாட்டி ஓட்டுவதற்குத் தாராளமாகப் போதும். அந்த நிலையில் பெரும் இழுப்பு முன்லைன்கள் வழியாக நேரே கொக்கிக்கு வந்துவிடும். பாருக்கு வருவது பின்லைன்களின் இழுப்பு மட்டும். இரண்டும் சேர்ந்து 40 கிலோ இழுத்தாலும், நடுத்துளையில் தகைவு சுமார் 60 மெகாபாஸ்கல். இந்த அலுமினியம் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 275-ஐ ஒட்டி. கொக்கியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கதையே வேறு. முழு இழுப்பும் நடுத்துளையில் உட்கார்ந்து, கைகள் இரண்டு பக்கமும் வளைக்கும். 100 கிலோ இழுப்புக்கு 100 மெகாபாஸ்கலைத் தாண்டும். தாவி இறங்கும்போது வரும் வெட்டிழுப்பு அதை மூன்று மடங்காக்கினால் எல்லையைக் கடந்துவிடும். ஆகவே வீட்டில் செய்த அலுமினிய பாரில் கொக்கியைக் கழற்றி ஓட்டாதீர்கள். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

துளைக்குள் ஸ்டெயின்லெஸ் புஷ் (துளையின் உட்புறம் செருகும் சிறு குழல்) போடும் ஆசை வரும். கடல் நீரில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்து, துளையைச் சுற்றி உலோகம் கரைந்துவரும். பதிலாக அசிட்டால் பிளாஸ்டிக்கில் வெளியே 12, உள்ளே 9 மி.மீ. புஷ் கடைந்து போடுங்கள். இரு வாயையும் புனல்போல உருட்டிவிடச் சொல்லுங்கள். கூர்மையான விளிம்பு எங்கே இருந்தாலும் அது லைனை அறுக்கும். முனை மூடிகளையும் அசிட்டாலிலேயே கடையலாம். லீடர் போகும் துளையின் வாய் 3 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்க வேண்டும்.

பிடிக்கு ஈவிஏ நுரைக் குழாய். கையில் இடப்பக்கம் எது என்று பார்க்காமலே தெரிய வேண்டும் என்பதால் இடது முனை சிவப்பு, இது எல்லோரும் பின்பற்றும் வழக்கம். பார் தானாக மிதக்காது: குழாயும் உள்துண்டும் சேர்ந்து சுமார் 370 கிராம், அது ஒதுக்கும் தண்ணீரோ 245 கிராம்தான். இரண்டு லீடர்களிலும் நுரை மிதவை கோத்தே ஆக வேண்டும்.

இனி லைன். முன்னரே இழுத்துப் பதப்படுத்திய டைனீமா (மிக வலுவான செயற்கை இழை), 1.5 மி.மீ. பருமன், 22 மீட்டர், நான்கு துண்டு. முறிவுப் பளு 250 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். முன்லைனுக்கு 300-க்கு மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. டைனீமாவின் பலவீனம் வெப்பம்: 150 டிகிரிக்கு அருகே உருகிவிடும். ஒரு லைன் இன்னொன்றின் மேல் அழுத்தத்தோடு உரசினால் அந்த ஒரே இடத்தில் சூடேறி நொடியில் அறுந்துபோகும். வெறும் முடிச்சும் கூடாது. வழவழப்பான இழை என்பதால் நழுவும். நழுவாவிட்டாலும் முடிச்சு இருக்கும் இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

முனை வளையத்துக்கு இரண்டு வழி. பின்னல் தளர்ந்த லைனாக இருந்தால், வளையம் செய்து முனையை அதே லைனின் உள்ளே புதைக்கலாம். புதைக்கும் நீளம் பருமனைப்போல 72 மடங்கு, 1.5 மி.மீ. லைனுக்குச் சுமார் 11 செ.மீ.; நான் 15 சொல்வேன். பூச்சு போட்டு இறுக்கிய கைட் லைனில் பின்னல் விரியாது. அதற்கு 25 செ.மீ. பாலியஸ்டர் உறையை மெல்லிய கம்பியால் இழுத்துக் கோத்து, மடித்து, மெழுகு பூசிய நூலால் 4 செ.மீ. நெருக்கமாகத் தையுங்கள். எது செய்தாலும் தைத்த பிறகு ஒவ்வொரு லைனையும் 40–50 கிலோ பளுவில் சில நிமிடம் இழுத்து வையுங்கள். தையலும் புதைப்பும் உட்கார்ந்து இறுகும்போது நீளம் மாறும்; அந்த மாற்றம் இப்போதே நடந்து முடியட்டும். அளப்பது அதற்குப் பிறகுதான்.

பெரும்பாலான கைட்டுகளில் முன்லைன் பிடிக்குமிடம் வளையமாகவும் பின்லைன் பிடிக்குமிடம் முடிச்சாகவும் இருக்கும். உங்கள் கைட்டைப் பார்த்து அதற்கு எதிரானதை லைன் முனையில் வையுங்கள். முன்னதைப் பின்னதில் மாட்ட முடியாதபடி அதுவே காக்கும்.

டிப்பவர் லைன் 5 மி.மீ., மேலுறை போட்ட டைனீமா. பாரின் ஓட்டம், அதாவது உள்ளிழுத்த நிலைக்கும் வெளியே தள்ளிய நிலைக்கும் இடைத்தூரம், 45–50 செ.மீ. ஹார்னஸ் போட்டுக்கொண்டு, முழங்கை லேசாக மடிந்திருக்க எவ்வளவு எட்டுகிறதோ அதுதான் உங்கள் அளவு. அதைவிட நீளமாக விட்டால், பலத்த காற்றில் பாரைக் கைவிட்டபின் எட்டிப் பிடிக்க முடியாது. ஓட்டத்தின் முடிவில் டிரிம் கிளீட் (லைனை வேண்டிய நீளத்தில் கவ்விப் பிடிக்கும் பாகம்), அதற்கு மேல் 25–30 செ.மீ. டிரிம் நீளம், உச்சியில் ஒரு வளையம். இரு முன்லைன்களும் அந்த வளையத்திலிருந்து புறப்படும்.

பாரை உள்ளே முழுக்க இழுத்து, டிரிமை முழுக்க விட்டு, பாருக்கும் உச்சி வளையத்துக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பின்லைன் லீடர்கள் அதே நீளம், ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அப்போது நான்கு லைன்களும் ஒரே நீளத்தில் அமையும்.  ஒன்று அறுந்தால் ஒரே அளவில் வெட்டிக்கொள்ளலாம். லீடரில் 2.5 செ.மீ. இடைவெளியில் நான்கைந்து முடிச்சு போட்டு, நடு முடிச்சை ஆரம்ப நிலையாக வையுங்கள்.

எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம் சேஃப்டி லைன். ரிலீஸைத் திறந்ததும் கைட் ஒரே ஒரு முன்லைனில் கம்பத்துக் கொடிபோலத் தொங்க வேண்டும். மற்ற மூன்றும் தளர்ந்தால்தான் அது இழுப்பை விடும். அதற்குப் பார் ஏறக்குறைய கைட்டின் இறக்கை நீளத்துக்கு மேலே ஓட வேண்டும். 12 சதுர மீட்டர், நீள-அகல விகிதம் 5 என்றால், 12-ஐ 5-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 7.7 மீட்டர். 8 என்று வைப்போம். வீட்டில் செய்ய எளிதானது, சிலர் மினி ஃபிஃப்த் என்று சொல்லும் அமைப்பு. 3 மி.மீ. டைனீமா லைன் ஒன்று லீஷ் (சேஃப்டி லைனை உங்கள் ஹார்னஸோடு இணைக்கும் கயிறு) வளையத்தில் தொடங்கி, குயிக் ரிலீஸ் வழியாக, பாரின் நடுத்துளையில் டிப்பவர் லைனுக்குப் பக்கத்திலேயே ஏறி, உச்சி வளையத்திலிருந்து 8 மீட்டர் மேலே ஒரு முன்லைனில் இணையும். 5-உம் 3-உம் சேர்ந்து 8. அதனால்தான் 9 மி.மீ. புஷ். டிரிம் முழுக்க விட்ட நிலையில்கூட இந்த லைன் 5 செ.மீ. தொய்வாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஓட்டும்போது இழுப்பு லீஷுக்கு வந்துவிடும். அந்த 8 மீட்டரில் முடிச்சு, தடித்த தையல், ஒட்டுத்துண்டு எதுவும் கூடாது. ஒரே ஒரு முடிச்சு துளையில் மாட்டினாலும் கைட் பாதி இழுப்போடு நின்றுவிடும். கைட்டைச் சுழற்றிய பிறகு முன்லைன்களோடு இதுவும் முறுக்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு முறுக்கு பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பார் ஓடாது. சுழலியைக் கையால் திருப்பி அவ்வப்போது அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

சமன்படுத்த: நான்கு முனையையும் ஒரே கம்பத்தில் ஒரே ஆணியில் மாட்டுங்கள். டிரிம் முழுக்க விட்டு, பாரை உள்ளே இழுத்துப் பிடித்து, 10 கிலோ அளவுக்குப் பின்னால் சாயுங்கள். பார் நேராகக் குறுக்கே நிற்க வேண்டும், நான்கும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். இடவலத்தில் 1 செ.மீ. வித்தியாசம் இருந்தாலும் விடாமல் திருத்துங்கள்.

காற்றில் தெரியும் குறைகளுக்குக் காரணம் பெரும்பாலும் நீளம்தான். கைட் பின்னால் சரிந்து, தொய்ந்து விழப் பார்த்தால் பின்லைன் குட்டை. முன்னால் ஓடிப்போய்த் திருப்பத்துக்கே மசியாவிட்டால் பின்லைன் நீளம். பாரை நேராகப் பிடித்தும் இடப்பக்கம் திரும்பினால் இடது பின்லைன் குட்டை, அல்லது இடது முன்லைன் நீண்டுவிட்டது. சில மாத ஓட்டத்தில் முன்லைன்கள் நீள்வது இயல்பு, பளு அவற்றில்தான் அதிகம். அதற்குத்தான் லீடரில் அந்த முடிச்சுகள். டிப்பவர் லைன் புஷ் உரசும் இடத்தில் பஞ்சுபோல மயிர் எழும்பினால் அடுத்த ஓட்டத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

கைட்டை மாட்டும் முன் தரையில் ஒரு சோதனை. நான்கு லைன்களையும் உறுதியான மரத்தில் கட்டி, ஹார்னஸில் மாட்டி, முழு உடல் எடையோடு பின்னால் சாய்ந்து ரிலீஸைத் தள்ளுங்கள். பின்னால் ஒருவர் தாங்க நிற்கட்டும். பிறகு பாரை 8 மீட்டரும் கையால் ஓட்டிப் பாருங்கள். அடுத்து எல்லாவற்றையும் ஈர மணலில் புரட்டி எடுத்து அதையே திரும்பச் செய்யுங்கள். ஒருமுறை சிக்கினாலும் கடலுக்குப் போகாதீர்கள். முதல் பறப்பு உங்களிடம் உள்ளதில் சின்ன கைட்டில், 10–12 நாட் காற்றில், கரையோடு சாய்ந்து வீசும் திசையில். கரையை விட்டு வெளியே வீசும் காற்றில் ஒருபோதும் வேண்டாம். கைட்டை உச்சியில் நிறுத்தி, ரிலீஸை வேண்டுமென்றே ஒருமுறை தள்ளித் திறந்து, அது கொடியாகத் தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பலகையை எடுங்கள்.