ராணுவ ஆட்சிதான் தென் கொரியாவை முன்னேற்றியதா?

"பார்க் சுங்-ஹீ மாதிரி ஒரு கண்டிப்பான ராணுவத் தலைவர் கிடைத்ததால்தானே தென் கொரியா இவ்வளவு வேகமாக முன்னேறியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சியோலுக்கு வேலைக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அங்கே மூன்று வருடம் இருந்தேன். குடியிருந்தது சாங்சின்-டோங்கில். டோங்டேமுன் துணிச் சந்தையை ஒட்டி மேடேறிப் போகிற சந்துகள், எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னத் தையல் பட்டறைகள். இஸ்திரியின் நீராவி, சுவரில் செருகிய குழாய் வழியாகச் சந்துக்குள் புஸ்ஸென்று வரும். எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. வலது ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்தே இருக்கும். மெஷின் ஊசி ஏறிய இடம்.

1969-ல், 15 வயதில், தென்மேற்கில் இருக்கும் ஜொல்லா பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பியோங்வா சந்தையில் ஹெல்பராகச் சேர்ந்தவர் அவர். பியோங்வா என்றால் அமைதி. இடத்தை மிச்சம் பிடிக்க, அங்கே அறைகளின் குறுக்கே பலகை அடித்து இரண்டு தட்டாக்கியிருந்தார்கள். மேல் தட்டில் நிமிர்ந்து நிற்க முடியாது. பஞ்சுத் தூசி, குழல் விளக்கு, ஒரு நாளைக்கு 14 மணி நேர வேலை. எப்படி நடப்பீர்கள் என்று கேட்டதற்கு, எழுந்து சமையலறையில் இடுப்பை மடக்கி நடந்து காட்டினார். ஐம்பது வருடம் கழித்தும் உடம்பு அதை மறக்கவில்லை.

அதே சந்தையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர்தான் ஜொன் தே-இல். மதியம் பட்டினி கிடக்கும் ஹெல்பர் பெண்களுக்குத் தன் பஸ் காசில் மாவுப் பணியாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி மணிக்கணக்காக நடந்தே வீட்டுக்குப் போவார். எட்டு மணி நேர வேலை என்று 1953-லேயே சட்டம் இருப்பது தெரிந்ததும் அந்தப் புத்தகத்தை வாங்கினார். பக்கம் முழுக்க அவருக்குப் புரியாத சீன எழுத்துகள். சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரி நண்பன் இருந்தால் தேவலை என்று ஏங்கினார். மனு மேல் மனு போட்டும் எதுவும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டப் புத்தகத்தோடு தன்னையும் கொளுத்திக்கொண்டார். "நாங்கள் இயந்திரமல்ல" என்று கத்திக்கொண்டே ஓடினார். வயது 22.

சரி, பார்க்குக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். மாதாமாதம் ஏற்றுமதிக் கூட்டத்தில் தானே உட்கார்ந்து கணக்குக் கேட்டவர் அவர். ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளுக்கு மலிவு வட்டியில் கடன் கிடைத்தது. 1964-ல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977-ல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. ஆனால் 1961-ல் ஆட்சியைப் பிடித்தபோது அவருக்குக் கிடைத்த நாடு வெறுங்கையோடு இருந்த நாடு அல்ல. 1950-லேயே நிலச் சீர்திருத்தம் வந்து, ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 3 ஹெக்டேர்தான் என்று உச்சவரம்பு வைத்து, உழுதவர்களிடம் நிலம் போயிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற பழக்கமும் அவருக்கு முன்பே வேர் பிடித்துவிட்டது. அவர் காலத்தில் ஏற்றுமதியான சட்டையும் சவுரியும் இந்தப் பெண்களின் கையால் ஆனவை.

சவுரி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 1979 ஆகஸ்டில், மூடப்பட்ட ஒரு சவுரித் தொழிற்சாலையின் பெண்கள் சுமார் 190 பேர் எதிர்க்கட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் உள்ளே புகுந்து அடித்து இழுத்தது. கிம் கியோங்-சுக் என்ற 21 வயதுத் தொழிலாளி அதில் இறந்துபோனார். அவர்களுக்கு இடம் கொடுத்த கட்சித் தலைவர் கிம் யங்-சாமின் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை அக்டோபரில் பறித்தார்கள். அவருடைய அரசியல் களமான பூசான் கொதித்தெழுந்தது, பின்னாலேயே மாசான். அந்தக் கலவரத்தை எப்படி அடக்குவது என்ற சச்சரவுக்கு நடுவேதான், அக்டோபர் 26 அன்று, பார்க்கை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார்.

அப்புறமும் விடியவில்லை, ராணுவ ஆட்சியே தொடர்ந்தது. 1980 மே மாதம் குவாங்ஜுவில் ராணுவம் சொந்த மக்களையே சுட்டது. 1987 ஜூனில் ஊர் ஊராக ஜனங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் ஜனாதிபதியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. அடுத்த மூன்று மாதத்தில் 3,000-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் போராட்டம். உல்சான் கப்பல் கட்டும் தளத்தில் கூலி உயர்வோடு சேர்த்து ஆட்கள் கேட்ட இன்னொன்று, இஷ்டப்படி முடி வளர்க்கும் உரிமை. கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வாசலிலேயே பிடித்து வெட்டிவிடுவார்களாம். அதற்குப் பிறகு தொழிலாளியின் கூலி வேகமாக ஏறியது. நாம் இன்று வியக்கிற கொரிய நடுத்தர வர்க்கம் அப்போது தழைத்தது.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்த அம்மாவின் கணவர் எழுபதுகளில் சவுதியில் கட்டட வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர். சாகும்வரை பார்க்கைத் தெய்வமாகக் கும்பிட்டாராம். கூடத்தில் மாட்டியிருந்த பார்க் படத்தை அம்மாவும் கழற்றவில்லை. "அவர் மாட்டியது, இருக்கட்டும்" என்பார்.

2024 டிசம்பர் 3 இரவு அங்கே மறுபடியும் ராணுவச் சட்டம் என்று செய்தி வந்ததும் எனக்குக் கை நடுங்கியது. சில மணி நேரத்தில் நாடாளுமன்றத்தில் 190 உறுப்பினர்கள் கூடி அதை நீக்க வாக்களித்தார்கள். வெளியே ஜனங்கள் ராணுவ வண்டிகளை மறித்து நின்றார்கள். மறுநாள் காலை அம்மாவைக் கூப்பிட்டேன். மகள் ராத்திரியே டாக்சி பிடித்து அங்கே போய்விட்டாளாம். நீங்கள் தடுக்கவில்லையா என்றேன். "குளிருமே என்று கையுறை கொடுத்தனுப்பினேன்" என்றார்.