பிரான்சில் பாரிஸ் தவிர, சின்ன ஊர் ஒன்றில் நான்கு நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பதென்றால் எந்த ஊரைச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் மோந்தின்யாக் என்பேன். நாங்கள் துலூஸில் இருக்கிறோம். அங்கிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். இதுவரை இரண்டு முறை போய்த் தங்கியிருக்கிறோம்.

தென்மேற்கு பிரான்சில், தோர்தோன் மாவட்டத்தில், வெஸேர் ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிற ஊர் இது. மொத்தம் மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம். கல் பாலம், ஆற்றுப் பக்கம் மர மாடம் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வீடுகள், புதன்கிழமைச் சந்தை, அவ்வளவுதான் ஊர். ஒரு மணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். ஆனால் ஊருக்கு மேலே உள்ள குன்றில்தான் கற்கால ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகை இருக்கிறது. 2020இல் ஊரின் பெயரையே மோந்தின்யாக்-லாஸ்கோ என்று மாற்றிவிட்டார்கள்.

1940 செப்டம்பரில், உள்ளூர் கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்த மார்செல் ராவிதா என்ற இளைஞன் அந்தக் குன்றில் ஒரு பொந்தைப் பார்த்தான். கூட வந்த நாய் அதில் விழுந்ததால்தான் கண்ணில் பட்டது என்று சொல்வார்கள். நாலு நாள் கழித்து, 12ஆம் தேதி, கையால் செய்த விளக்கோடும் மூன்று பையன்களோடும் திரும்பி வந்து உள்ளே இறங்கினான். சுவரெல்லாம் காளைகளும் குதிரைகளும் மான்களும். வரைந்து 17,000 வருடத்துக்கு மேல் ஆகிறது.

1948இல் குகையை மக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்த காலமும் உண்டு. அத்தனை பேர் விட்ட மூச்சும், உடம்புச் சூடும், ஈரமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது, வெள்ளைச் சுண்ணாம்பு பூத்தது. 1963இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். இன்றுவரை திறக்கவில்லை.

'அசலைப் பார்க்க முடியாதென்றால் எதற்குப் போவது?' என்று நானும்தான் கேட்டேன். இப்போது நாம் பார்ப்பது நகல். 1983இல் குன்றின் மேலேயே ஒரு பகுதி நகல் வந்தது. 2016இல் அடிவாரத்தில் முழுக் குகைக்கும் நகல் திறந்தார்கள், அதன் பெயர் லாஸ்கோ 4. உள்ளே குளிரும், மங்கலான வெளிச்சமும், பாறையின் மேடுபள்ளமும் அப்படியே இருக்கின்றன. காளைகளின் கூடத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு காளை நம் தலைக்கு மேலே நிற்கும். நகல் என்ற நினைப்பு எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. எவ்வளவு பெரிது, எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இங்கேதான் விளங்கும்.

ஆனால் இதோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். ஆற்றின் போக்கிலேயே 25 கிலோமீட்டர் தெற்கே லெஸேஸி என்ற ஊர். கற்கால ஐரோப்பாவில் வாழ்ந்த 'குரோ-மான்யோன் மனிதன்' என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்த எலும்புகள் 1868இல் ரயில் பாதை வேலையின்போது கிடைத்த இடம் இங்கேதான் இருக்கிறது. மலைச்சரிவை ஒட்டித் தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகம். ஊருக்கு வெளியே ஃபோன்-த-கோம் குகை. பல வண்ணத்தில் தீட்டிய அசல் ஓவியங்களை இன்னமும் நேரில் காட்டுகிற மிகச் சில குகைகளில் இது ஒன்று. ஒரு நாளைக்குக் கொஞ்சப் பேரைத்தான் விடுவார்கள். முதல் முறை நாங்கள் பதிவு செய்யாமல் போய் வாசலோடு திரும்பினோம். இரண்டாம் பயணமே இதற்காகத்தான்.

குறுகலான வழி. பையை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். வழிகாட்டிப் பெண் விளக்கைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்தார். வெறும் பாறைப் புடைப்பாக இருந்தது அப்படியே காட்டெருமையின் முதுகாக எழுந்து வந்தது. விளக்கை நகர்த்தினால் மறுபடியும் பாறை. இன்னோர் இடத்தில் ஆண் கலைமான் ஒன்று குனிந்து, மண்டியிட்டிருக்கும் பெண் மானின் நெற்றியை நக்குகிறது. கோடு மங்கியிருக்கிறது, ஆனால் அந்தக் குனிவு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. என் மகளுக்கு ஒன்பது வயது. கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். "என்னடி பண்றே?" என்று காதோடு கேட்டேன். வெளியே வந்த பிறகுதான் சொன்னாள்: "மூச்சு விட்டா படம் கெட்டுப்போகும்னு நேத்து சொன்னாங்கல்ல, அதான் அடக்கிக்கிட்டேன்."

முதலில் லாஸ்கோ நகல், மறுநாள் ஃபோன்-த-கோம் அசல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நகலைப் பார்த்த கண் அசலில் எதைத் தேடுவது என்று தெரிந்துகொண்டு வரும்.

குழந்தைகள் இருந்தால் ரூஃபின்யாக் குகைக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். சின்ன மின்சார ரயிலில் உட்காரவைத்துக் குகைக்குள் கூட்டிப்போவார்கள். மனிதர்களுக்கு முன்னால் அங்கே குளிர்காலம் முழுக்கத் தூங்கிய குகைக்கரடிகள் பறித்த குழிகளும், சுவரில் நகத்தால் கீறிய தடங்களும் அப்படியே இருக்கின்றன. கூரையில் கறுப்புக் கோட்டில் மாமூத் யானைகள், காண்டாமிருகங்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் அவற்றின் மேலேயே தங்கள் பெயரைக் கிறுக்கிவைத்திருப்பதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

ரோக் சேன்-கிறிஸ்தோஃப் என்பது ஒரு கிலோமீட்டர் நீளமும் 80 மீட்டர் உயரமும் உள்ள சுண்ணாம்புப் பாறைச்சுவர். அதன் அடுக்குகளில் கற்காலத்திலும் ஆள் இருந்திருக்கிறார்கள், இடைக்காலத்தில் ஊரே இருந்திருக்கிறது. பக்கத்தில் சேன்-லெயோன் கிராமம். கல் பலகை வேய்ந்த தேவாலயம், ஆற்றங்கரைப் புல்வெளி. மோந்தின்யாக்கிலிருந்து துடுப்புப் படகு வாடகைக்கு எடுத்து ஆற்றோடு இங்கே வரலாம். கோடையில் தண்ணீர் மெதுவாகத்தான் போகும், பயப்பட வேண்டியதில்லை. பக்கத்து ஊரான சார்லாவில் சனிக்கிழமைச் சந்தை நன்றாக இருக்கும், ஆனால் ஆகஸ்டில் கால் வைக்க இடம் இருக்காது.

சாப்பாட்டில் எங்கே திரும்பினாலும் வாத்துதான். சைவம் என்றால் வெதுவெதுப்பான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் கேளுங்கள். அதில் அந்த ஊர் அக்ரூட் எண்ணெயை ஊற்றித் தருவார்கள். அந்த எண்ணெயில் ஒரு புட்டி வாங்கி வந்து, வீட்டில் வெறும் வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட்டோம், ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது.

கார் இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றுவது சிரமம். பாரிஸிலிருந்து வந்தால் பிரீவ் வரை ரயிலில் வந்து, அங்கே கார் எடுத்துக்கொள்ளுங்கள். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் குகைக்குள் 13 டிகிரிதான், குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். ஃபோன்-த-கோம் டிக்கெட் எந்தத் தேதிக்குக் கிடைக்கிறதென்று முதலில் பாருங்கள், அதற்கு அப்புறம் தங்கும் அறையைப் பதிவு செய்யுங்கள்.